மலை மதிலா, வழியா? தமிழ்நாட்டின் மேற்கு எல்லை பற்றிச் சில குறிப்புகள்

ஒரு வாசகர், 9 ஜூன்

மேற்குத் தொடர்ச்சி மலை இயற்கை கட்டிய மதில். அந்தப் பக்கம் கேரளம், இந்தப் பக்கம் தமிழ்நாடு. 1956இல் மாநிலங்களைப் பிரித்தவர்கள் மலை முகட்டை அப்படியே எல்லையாக எழுதிக்கொண்டார்கள். வேறு எந்த மாநிலத்துக்கும் இவ்வளவு தெளிவான எல்லை கிடையாது. சரிதானே?

என் பதில், 9 ஜூன், இரவு

சரியில்லை. முகடுதான் கணக்கு என்றால் மூன்று ஊர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் செங்கோட்டை. மலைக்குக் கிழக்கே, தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். 1956 அக்டோபர் 31 வரை அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், கொல்லம் மாவட்டத்தில் இருந்தது. முகடு எல்லையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இரண்டாவது நாஞ்சில் நாடு. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்புறம், அதாவது 'கேரளப் பக்கம்' இருக்கின்றன. மலைதான் எல்லை என்று வைத்தால் நாகர்கோவில் இன்று கேரளத்தில் இருக்க வேண்டும். அந்த இரண்டு தாலுகாக்களும், கல்குளம், விளவங்கோடும், செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாகாணத்துக்கு வந்தன. அதற்குப் பின்னால் நேசமணி தலைமையில் நடந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் போராட்டம் இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூடு இருக்கிறது. மலை சும்மா தூக்கிக் கொடுத்த எல்லை அல்ல அது.

மூன்றாவது தேவிகுளம், பீர்மேடு. அங்கே தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள் அதிகம். தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டார்கள், கிடைக்கவில்லை.

எல்லையைத் தாலுகா தாலுகாவாக, மொழியை வைத்தும் அரசியலை வைத்தும் போட்டார்கள். சில இடங்களில் அது முகட்டோடு பொருந்திப்போனது, அவ்வளவுதான்.

10 ஜூன்

இன்னொரு விஷயம். 'மதில்' என்று சொல்லும்போது அதில் இருக்கிற ஓட்டைகளையும் சொல்ல வேண்டும். தபதி ஆற்றங்கரையில் தொடங்கி குமரி வரை சுமார் 1600 கிலோமீட்டர் நீளும் மலை அது. அதில் உண்மையான பெரிய உடைப்பு ஒன்றுதான், பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை.

வரைபடத்தில் பார்த்தால் இது புரியாது. கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பேருந்தில் போய்ப் பாருங்கள். மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு எதுவும் வராது. கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர். பாலக்காட்டுக்கு வரும்போது 100 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுவீர்கள். ஆனால் இறங்கியது தெரியாது. இடது பக்கமும் வலது பக்கமும் தூரத்தில் மலை நிற்கும். நடுவில் பனைமரம், வயல், லாரி. அவ்வளவுதான் கணவாய்.

இதே பாலக்காடு 1956க்கு முன் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கமாகவா அப்போது சென்னை அரசு நடந்தது?

10 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

யோசித்துப் பார்த்ததில், இதன் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். மனிதர்களுக்கு வழியாக இருக்கிற இந்த இடைவெளி, மலை உச்சியில் வாழும் உயிர்களுக்குத் தடை. நீலகிரியில் சோலைக்காட்டில் பழகிய பறவை 30 கிலோமீட்டர் சூடான சமவெளியைத் தாண்டி ஆனைமலைக்குப் போகாது. அதனால்தான் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனிச் சிரிப்பான் என்று இரண்டு வேறு இனங்கள். வரையாட்டுக் கூட்டங்களிலும் கணவாய்க்கு இரு பக்கமும் மரபணு வேறுபாடு இருக்கிறது.

நமக்கு எங்கே மலை தடையோ அங்கே அவற்றுக்குத் தொடர்ச்சி. நமக்கு எங்கே வழியோ அங்கே அவற்றுக்கு முறிவு. மேற்கு எல்லையைப் பற்றிப் பேசும்போது எனக்கு அதிகம் பிடித்த செய்தி இதுதான்.

15 ஜூன்

'அப்படியானால் மழைக்கு மட்டும் எப்படி மதிலாக இருக்கிறது?' என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வந்து மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்த்துவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது வறண்ட காற்று. கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர், தமிழ்நாட்டில் சுமார் 900. நமக்குக் கிடைப்பதிலும் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. ஜூனில் கொல்லத்தில் வெள்ளம், கோவில்பட்டியில் புழுதி. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம்.

பாடத்தில் வராதது கணவாய்ப் பகுதி. அங்கே காற்று ஏற வேண்டியதில்லை. நெருக்கிப் பிடித்த இடத்தில் வேகமெடுத்து ஓடி வருகிறது. நான் தென்காசிப் பக்கம் வளர்ந்தவன். ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் மாடியில் துணி காயப்போட்டால் இரண்டு கிளிப்பு போதாது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும், கூடவே சாரல். மேகம் கறுக்காது, இடி இருக்காது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் பன்னீர் தெளித்த மாதிரி விழும். குடை பிடித்தால் குடை திரும்பிக்கொள்ளும். அதனால் யாரும் பிடிப்பதில்லை, நனைந்துகொண்டே போவோம்.

காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் நின்றால் இது இன்னும் நன்றாகத் தெரியும். அந்த வாசலுக்குள் காற்று அடைபட்டு அடிக்கிற அடியில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டினான். கணவாய்க்கு நேர் எதிரே அவ்வளவு உயரக் கோபுரம் எழுப்பியவர்களுக்குக் காற்று தெரியாமல் இருந்திருக்காது.

அதே நாளில் கிழக்கே பேருந்தேறிச் சங்கரன்கோவில் போனால் சட்டை காய்ந்துவிடும். சாரலின் எல்லை அவ்வளவுதான்.

16 ஜூன்

காற்றாலைக்கும் கணவாய்க்கும் தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு: ஆமாம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். காற்றாலை கூட்டமாக நிற்கும் இடமெல்லாம் ஏதோ ஒரு கணவாய்க்கு எதிரே. உடுமலை, பல்லடம் பக்கம் நிற்பவை பாலக்காட்டுக் காற்றுக்கு. கயத்தாறு, சுரண்டைப் பக்கம் செங்கோட்டைக் காற்றுக்கு. தேனிப் பக்கம் கம்பம் கணவாய்க்கு. முப்பந்தலில் நிற்பவை ஆரல்வாய்மொழிக்கு, அங்கே மட்டும் சுமார் 1500 மெகாவாட். நான்கு கணவாய், நான்கு கூட்டம்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும்போது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வரை உடைமரம், பனை, செம்மண். முப்பந்தல் தாண்டி ஆரல்வாய்மொழிக்குள் நுழைந்ததும் பத்து நிமிடத்தில் வயலும் வாழையும் தென்னையும் குளத்தில் தாமரையும். தமிழ்நாட்டில் நிலம் இவ்வளவு சட்டென்று மாறும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

23 ஜூன்

வரலாற்றுக்கு வருவோம், இல்லையென்றால் காற்றிலேயே நின்றுவிடுவேன்.

கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுகள் ஏன் அவ்வளவு கிடைக்கின்றன? வெள்ளலூரில் புதையலாகவே கிடைத்தது. பொள்ளாச்சியிலும் கிடைத்தது, கரூரிலும் கிடைத்தது. இவை எதுவும் கடற்கரை ஊர்கள் அல்ல. பதில் பாலக்காட்டுக் கணவாய். மேற்குக் கடற்கரையில் முசிறி. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு போனதை அகநானூறு (149) சொல்கிறது. அந்தத் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு எல்லாம் அங்கேயே விளைந்ததில்லை. கணவாய் வழியாகக் கிழக்கே போனால் நொய்யல் ஆறு. நொய்யலின் வடகரையில் கொடுமணல்.

கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், மணி செய்த பட்டறைகளும், தமிழ்ப் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. ரோமில் பெண்கள் விரும்பி அணிந்த கடல்நீர் நிறப் பச்சைக்கல் காங்கயத்துக்குப் பக்கத்தில் படியூரில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களும் அங்கே தோண்டினார்கள். கல், மணி செய்ய ஆள், ஆற்றங்கரை வழி, கணவாய், துறைமுகம் எல்லாம் ஒரே கோட்டில் வருகின்றன. அந்தக் கோட்டின் கிழக்கு முனையில் கரூர். பக்கத்திலேயே புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் பெயர் சொல்லும் பிராமிக் கல்வெட்டு. சேரர் மலைக்கு இரண்டு பக்கமும் ஆண்டது எப்படி என்று ஆச்சரியப்படுகிறவர்கள் முதலில் வாளையார் வரை போய் வரட்டும்.

கொடுமணலுக்கு நான் போனது ஒரு சித்திரை வெயிலில். அகழாய்வுக் குழி ஒன்றும் திறந்திருக்கவில்லை, உழுது போட்ட காடுதான். குனிந்து நடந்தால் செம்மண்ணில் வெள்ளைப் பளிங்குச் சில்லுகள் மினுங்கின. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் தட்டி உடைத்த கூர். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இப்படிப்பட்ட இடங்களிலிருந்து யாரும் எதையும் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது, தயவுசெய்து.

24 ஜூன்

நேற்று விட்டுப்போனது: காங்கயம் என்றதும் மாடு நினைவுக்கு வர வேண்டும். கணவாய்க் காற்று வீசும், ஆனால் மழை குறைவு. அந்த நிலத்துக்கு ஏற்ற மாதிரி அமைந்ததுதான் கொரங்காடு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். நெல்லுக்கு ஆகாத பூமியில் இப்படி ஒரு மேய்ச்சல் முறையைக் கண்டுபிடித்தவர்கள் நிலத்தை நன்றாகப் படித்தவர்கள்.

7 ஜூலை

செங்கோட்டைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் 'மாநிலம் மாறியதால் சாதாரண மக்களுக்கு என்ன வந்தது' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் பிரானூர் இருக்கிறது. இன்றும் அந்த இடத்துக்குப் 'பார்டர்' என்றுதான் பெயர். பேருந்து நடத்துநர் 'பார்டர் இறங்கு' என்பார். பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட ஊர் ஊராக ஆள் வரும். இன்றைய மாநில எல்லையோ அங்கிருந்து மேற்கே, புளியரை தாண்டி, வளைவுகள் ஏறிக் கோட்டைவாசலில் இருக்கிறது. ஆனால் திருவிதாங்கூர் காலத்தில் எல்லை பிரானூரில்தான் இருந்தது. எல்லை நகர்ந்து போய்விட்டது, பெயர் நகரவில்லை.

எங்கள் ஆச்சி பிறந்தது செங்கோட்டை, வாழ்க்கைப்பட்டது தென்காசி. நடந்தே போகும் தூரம், ஆனால் அந்தக் காலத்தில் வேறு நாடு. நடுவில் சுங்கச் சாவடி. பிறந்த வீட்டில் சக்கரம், பணம் என்று கணக்கு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். புகுந்த வீட்டில் அணா, ரூபாய். கடைசிவரை ஆச்சி வெற்றிலைக்குக் காசு கேட்கும்போது 'ரெண்டு சக்கரம் குடுடே' என்றுதான் சொல்வாள்.

1942இல் பர்மா ஜப்பான் கையில் போனதும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அந்தச் சமயத்தில் தென்காசியிலிருந்து மகள் வீட்டுச் சீர் மாதிரி மடியிலும் ஓலைப்பெட்டி அடியிலும் அரிசி கொண்டுபோன கதையை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். சாவடிக்காரன் பெட்டியைத் திறந்து பார்ப்பான், மேலே முறுக்கு இருக்கும். ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவான். மலை இந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை பாருங்கள். எல்லை, பசி, உறவு எல்லாமே சமவெளியில் நடந்தவை.

8 ஜூலை

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன செங்கோட்டை வளைவை மறப்பேனா? ஊர் நுழைவில் திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரையோடு இன்றும் நிற்கிறது. அதை இடிக்காமல் வைத்திருப்பது நல்ல காரியம். வாஞ்சிநாதன் பிறந்த ஊரும் அதுவே. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டவர் பிறப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்காரர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

18 ஜூலை

இன்று தமிழ்நாடு நாள். 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பெயருக்காக 76 நாள் உண்ணாநோன்பிருந்து 1956 அக்டோபர் 13 அன்று உயிர்விட்டவர் சங்கரலிங்கனார். புதிய எல்லைகள் நடைமுறைக்கு வர மூன்று வாரம்கூட இல்லை அப்போது. நவம்பர் 1ஐத்தான் கொண்டாட வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். அது எல்லை கிடைத்த நாள், இது பெயர் கிடைத்த நாள். எல்லையில் நாம் இழந்ததும் இருப்பதால், எனக்கு ஜூலை 18 மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

வடக்கு எல்லையைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தது. ம.பொ.சி. போன்றோர் போராடித் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று வந்து சேர்ந்தது. கொள்ளேகாலம் 1956இல் மைசூருக்குப் போனது. வடக்கே மேற்கு மாதிரி மலைமுகடு இல்லாததால் அங்கே யாரும் 'இயற்கை எல்லை' என்று பேசுவதில்லை. மேற்கிலும் பேச வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

21 ஜூலை

படை வந்த வழிகளை எழுதச் சொல்லி ஒருவர் விடாமல் கேட்கிறார். படையும் வியாபாரியும் ஒரே வழியில்தான் வருவார்கள்.

பாலக்காட்டில் ஹைதர் அலி 1766இல் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டியது காட்சிக்கு அல்ல. மைசூரிலிருந்து கோவை வந்து மலபாருக்குள் இறங்க வேறு நல்ல வழி இல்லை. அதற்காகவே ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை 1768இலும் 1783இலும் பிடித்து, 1790இல் கடைசியாகத் தக்கவைத்துக்கொண்டார்கள். தெற்கே 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் படை ஆரல்வாய்மொழியில் ஆங்கிலப் படையைத் தடுத்து நின்றது. அந்தக் காவல் உடைந்ததும் திருவிதாங்கூர் முழுவதும் திறந்துகிடந்தது. ஒரு கணவாய் போனால் நாடே போயிற்று என்பதுதான் அன்றைய நிலை.

25 ஆகஸ்ட்

ஓணம் நெருங்குகிறது, தோவாளைச் சந்தையில் விடியற்காலை நிற்க இடம் இருக்காது. பிச்சி, வாடாமல்லி, செவ்வந்தி, அரளி என்று மூட்டை மூட்டையாகத் திருவனந்தபுரத்துக்கு ஏறும். தோவாளை ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டியே இருக்கிறது. கிழக்கே வறண்ட பக்கத்தில் பூக்கிற பூவும் வந்து சேரும், மேற்கே வாங்குகிற ஊரும் பக்கம். சந்தைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

எங்கள் பக்கம் பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தை. ஓணத்துக்கு முந்தைய வாரம் வெண்டையும் புடலையும் கேரள லாரிக்குப் போன மிச்சம்தான் உள்ளூருக்கு. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் படமெடுக்கக் கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். எண்ணெய்க்குப் போட்ட வெள்ளாமையில் நடந்து செடியை மிதிக்காதவரை எனக்கு மகிழ்ச்சி. வரப்பிலேயே நின்று எடுங்கள், அது ஒருவருடைய வருஷத்துச் சாப்பாடு.

8 செப்டம்பர்

தண்ணீர். இதை எழுதாமல் மேற்கு எல்லையைப் பற்றிப் பேசி முடியாது.

1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தென்பகுதியை அழித்தது. மேற்கே பெரியாற்றுத் தண்ணீர் அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, கிழக்கே வைகை வறண்டு கிடந்தது. நடுவில் முகடு. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை. சுமார் 8000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், ஆண்டுக்கு 40,000 ரூபாய். பென்னிகுவிக் தலைமையில் 1887இல் வேலை தொடங்கி, வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை மறுபடி கட்டி, 1895 அக்டோபரில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் சேர்த்த கட்டுமானம்.

அணையைவிட முக்கியமானது சுரங்கம் என்று நான் நினைக்கிறேன். முகட்டைக் குடைந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. தேக்கத்தில் 104 அடிக்கு மேல் இருக்கும் தண்ணீர்தான் அதன் வழியாகக் கிழக்கே வரும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல், அதற்கப்புறம் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம். மலையில் இயற்கை வைக்காத கணவாயைத் தண்ணீருக்காக மனிதர் வெட்டினார்கள்.

அதற்காக லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15 அவர் பிறந்த நாள், தேனிப் பக்கம் அன்று அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். வெள்ளைக்காரருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் ஜூனில் மதகு திறக்கிற நாளில் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

9 செப்டம்பர்

'அணை பலவீனம் என்கிறார்களே' என்று கேட்டவருக்கு: உச்ச நீதிமன்றம் 2014இல் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. கீழே வாழும் கேரள மக்களின் பயம் பொய்யான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். கிழக்கே அந்தத் தண்ணீரை நம்பியிருப்பவர்களின் பயமும் அதே அளவு உண்மை. இரண்டு பயத்தையும் ஒன்றாக மேஜையில் வைத்துப் பேசத்தான் வேண்டும், தொலைக்காட்சியில் கத்துவதால் ஒரு அடிகூட ஏறாது, இறங்காது.

பவானியையும் மறக்க வேண்டாம். அது கேரளத்தின் அட்டப்பாடி வழியாகக் கிழக்கே ஓடி வருகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே பாய்பவை மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. பாம்பாறு நம் அமராவதிக்கு வருகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டத்தில் இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டுப் பகிர்ந்துகொள்கின்றன, கோவை சிறுவாணித் தண்ணீரைக் குடிக்கிறது. முகடு தண்ணீரையே சரியாகப் பிரிக்கவில்லை.

29 செப்டம்பர்

கம்பத்தில் விடியும் முன் எழுந்து பேருந்து நிலையம் பக்கம் போய்ப் பாருங்கள். ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூக்குவாளியும், தலைக்குக் கட்டத் துண்டும், மேலே போட ஒரு பழைய ஆண்கள் சட்டையுமாகப் பெண்கள் ஏறுவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாமோ அதைவிட அதிகம். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு, இந்த மூன்று வழியாகவும் தினமும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் இறங்கி வருகிறார்கள். அவர்கள் பறித்த ஏலக்காய் போடிக்கு ஏலத்துக்கு வரும்.

ஒரு தடவை குமுளி வரை அப்படி ஒரு ஜீப்பில் போயிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, 'மழை பெய்தா வேலை இல்ல, வேலை இல்லன்னா கூலி இல்ல, ஆனா மழை பெய்தாத்தான் காய் உண்டு' என்று சொல்லிவிட்டு வளைவில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இவர்களுக்கு மாநில எல்லை தினமும் இரண்டு தடவை தாண்டுகிற சோதனைச் சாவடி. கொரோனா காலத்தில் அதை அடைத்தபோது முதலில் அடுப்பு அணைந்தது இவர்கள் வீட்டில்தான். அந்த ஜீப்புகளுக்குப் பதில் நல்ல பேருந்து விடுவது இரண்டு அரசுகளுக்கும் முடியாத காரியம் இல்லை. விபத்து நடந்த பிறகு மட்டும் இதைப் பேசுகிறோம்.

20 அக்டோபர்

வடகிழக்குப் பருவம் வந்துவிட்டது, அதனால் கிழக்கு மலைகளுக்கு ஒரு குறிப்பு. ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை. இவை தொடராக இல்லை, தனித்தனியாக நிற்கின்றன. இடையில் செங்கம் கணவாய், ஆத்தூர் கணவாய். மலைபடுகடாம் புகழ்ந்து பாடும் நன்னனின் ஊர் செங்கம்தான். 1767 செப்டம்பரில் ஹைதருக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்ததும் அங்கேதான். தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர்க் கணவாயில் இன்றும் லாரிகள் கட்டுப்பாடு இழந்து கவிழ்கின்றன. இரவில் ஓட்டுகிறவர்கள் கியரைக் குறைத்து மெதுவாக இறங்குங்கள்.

16 நவம்பர்

பாலக்காட்டில் கல்பாத்தித் தேர். மாயவரத்தில் ஐப்பசித் துலா நடக்கும் அதே சமயத்தில் இங்கேயும் விசுவநாதருக்குத் தேர். காவிரிக் கரையிலிருந்து கணவாய் வழியாக வந்து குடியேறியவர்கள் அக்கிரகாரத்தையும் திருவிழாவையும் கூடவே கொண்டுவந்தார்கள். கோயில் கல்வெட்டு 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ரயில் எப்போது வந்தது என்ற கேள்விக்கு: ராயபுரத்திலிருந்து முதல் ரயில் 1856இல் கிளம்பியது. 1862இலேயே பாலக்காடு வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூரைத் தொட்டுவிட்டது. மலை இல்லாததால் அவ்வளவு சீக்கிரம். செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்குப் பாதை போட 1904 ஆனது, ஏனென்றால் அங்கே குகை குடைய வேண்டியிருந்தது, கழுதுருட்டியில் 13 கண் பாலம் கட்ட வேண்டியிருந்தது. மீட்டர் கேஜ் காலத்தில் முன்னால் ஓர் எஞ்சின் இழுக்க, பின்னால் ஓர் எஞ்சின் தள்ளும். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் போகும்போது ஜன்னலை மூடுங்கள் என்று பெரியவர்கள் கத்துவார்கள், பிள்ளைகள் யாரும் மூட மாட்டோம். குகைக்கு முன்னால் உடைமரம், வெளியே வந்தால் மூங்கிலும் ஈரப்பாறையும். அகலப்பாதையாக்க 2010இல் நிறுத்தி 2018இல் மறுபடி விட்டார்கள். அந்த இடைவெளியில் படித்து முடித்த பிள்ளைகள் இந்தப் பயணம் தெரியாமலே வளர்ந்தது எனக்கு இன்னும் வருத்தம்.

14 டிசம்பர்

அச்சன்கோவிலுக்குப் போகும் வழி கேட்டவருக்கு: செங்கோட்டையிலிருந்து பண்பொழி, மேக்கரை வழி. கேரளத்தில் இருக்கிற கோயிலுக்கு நம் பக்கத்திலிருந்து போவதே சுலபம். மார்கழித் திருவிழாவுக்கு ஐயனின் திருவாபரணப் பெட்டி புனலூரில் கிளம்பி, எல்லை தாண்டித் தென்காசி வந்து, மறுபடி எல்லை தாண்டி அச்சன்கோவிலுக்குப் போகும். தென்காசியில் வழியெல்லாம் ஆள் நின்று கும்பிடும், இரண்டு மாநிலப் போலீசும் கூடவே வரும்.

ஆரியங்காவுக்கும் போகிறீர்கள் என்றால் மண்டல காலம் முடிகிற சமயத்தில் போங்கள், ஐயப்பனுக்குத் திருக்கல்யாணம். மதுரை சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வருவார்கள், திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு மாப்பிள்ளை வீட்டார். சம்பந்தி விருந்து உண்டு. திருமங்கலம்–கொல்லம் 744ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே கோயில், தவற விட முடியாது. புளியரை வளைவுகளில் அந்த வாரம் லாரி நெரிசல் அதிகம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.